நேரில் வந்து சொல்கிறோம்

கொட்டாஞ்சேனை
02.03.2025

என் யோசெப்பினுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் இருமல் மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. பண்டாரவளைக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? மடத்தில் கம்பளி தருகிறார்களா, அல்லது அதையும் துறந்துவிட்டாயா?

நீ கன்னியர் மடத்துக்குப் போய் இரண்டு வருடமாகப் போகிறது. கைபேசி இல்லாத ஒரே சிநேகிதி நீதான். தபாற்கந்தோரில் நான் முத்திரை கேட்டால் அந்த மிஸ் என்னைப் பாவமாகப் பார்க்கிறா.

போன மாதம் என் முதல் ஓவியக் கண்காட்சி நடந்ததே, அதைப் பற்றி நான் எழுதாததற்குக் காரணம் வெட்கம். பேஸ்புக்கில் அழைப்புப் போட்டேன், வட்ஸ்அப்பில் எல்லாக் குழுவுக்கும் அனுப்பினேன். இருநூறு பேருக்கு மேல் "வருகிறேன்" என்று அமத்தியிருந்தார்கள். இதயம், கைதட்டு, நெருப்பு எல்லாம் வந்து குவிந்தது. ஆட்கள்? அப்பா, அம்மா, சிங்களக் காவல்கார அய்யே. பிறகு ஒரு கனவான் உள்ளே வந்தார். நான் எழுந்து நின்றேன். அவர் கழிவறை எங்கே என்று கேட்டார். திரும்பி வரும்போது ஒரு படத்தின் முன்னால் நின்று ஈரக்கையை உதறிவிட்டுப் போனார். என் முதல் ரசிகர்!

சிரித்துவிட்டாயா? சரி, இப்போது விஷயத்தைக் கேள். வெள்ளவத்தையில் சயந்தன் அண்ணன் என்று ஒருவர், கீழே கடைகளும் மேலே மண்டபமும் வைத்திருப்பவர், ஜூன் மாதத்தில் ஒரு மாலைப்பொழுது மண்டபத்தைச் சும்மா தருகிறேன் என்றிருக்கிறார். சும்மா! இன்னொரு பக்கம், ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில், நான் வாசலில் லொறிகளுக்குப் பாஸ் எழுதிக் கொடுக்கிற இடத்தில், மேற்பார்வையாளர் பதவி தருகிறேன் என்கிறார் முகாமையாளர். சம்பளம் கூடுதல். ஆனால் சனி, ஞாயிறும் வேலை. நான் படம் கீறுவதே அந்த இரண்டு நாளில்தான். ஜூன் முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும்.

ஆகவே தீர்மானித்துவிட்டேன். இந்த முறையும் மண்டபம் வெறுமையாக இருந்தால் தூரிகையைக் கட்டி வைத்துவிட்டு அந்தப் பதவியை எடுத்துக்கொள்வேன். யாரும் பார்க்காத படத்தை யாருக்காகக் கீறுவது?

எனக்காகக் கொஞ்சம் செபம் செய். எங்கள் பிள்ளையாரிடம் நான் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்
அனுஷியா


பண்டாரவளை
16.03.2025

யேசுவின் அன்பில் அனுவுக்கு,

நான் சுகம். கம்பளி தருகிறார்கள்; அது மடத்தைவிட வயதான கம்பளி. அப்பாவுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கச் சொல்.

ஈரக்கைக் கனவானை வாசித்துவிட்டுத் தோட்டத்தில் தனியாகச் சிரித்தேன். எங்கள் மதர் யன்னலால் பார்த்தார். இன்று இரவு மௌனம் பற்றி ஒரு பிரசங்கம் இருக்கும்.

அனு, விரலைக் கூப்பிட்டாய், விரல் வந்தது. ஆள் வரவேண்டும் என்றால் நீ ஆளாகப் போகவேண்டும். என் அண்ணனின் கலியாணத்துக்கு எங்கள் அம்மா எப்படிச் சொன்னா? ஊருக்கு அவ மாக்ரெட் அன்ரி; அவ வருகிறா என்றால் கொட்டாஞ்சேனையில் அடுப்பில் கேத்தில் வைக்காத வீடு இல்லை. ஒவ்வொரு படியாக ஏறி, உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, "குடும்பத்தோட வரவேணும்" என்று சொன்னா. ஒரே ஒரு வீட்டை மறந்துபோனா. அவர்கள் இரண்டு வருடம் எங்களோடு கதைக்கவில்லை. ஏன்? நேரில் சொன்னால்தான் அழைப்பு. மற்றதெல்லாம் தகவல்.

கண்காட்சிக்கும் அப்படிச் சொன்னால் என்ன? உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. நீ தனியாகப் போனால் இரண்டாவது வாசலிலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்குத் தெரியாதா உன்னை!

நாள் முடிவானதும் உடனே எழுது.

செபத்தில் உன்னை மறவாத
யோசெப்பின்


கொட்டாஞ்சேனை
30.03.2025

என் யோசிக்கு,

அப்பாவின் இருமல் கொத்தமல்லிக்குக் கொஞ்சம் பயந்திருக்கிறது. மற்றவர்கள் சுகம். நீ?

உன் யோசனையைக் கேட்டு அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. "இப்பத்தான் புள்ளைக்கு நல்ல புத்தி சொல்ல ஆள் கெடச்சிருக்கு" என்றார்.

எனக்கும் புத்தி வந்தது. என் கைபேசியில் வந்து கிடக்கும் அழைப்புகளைத் திறந்து பார்த்தேன். நூல் வெளியீடு, அரங்கேற்றம், கேக் வகுப்பு, பக்கத்து மாடி சாந்தகுமார் அண்ணனின் குறும்படம். எல்லாவற்றுக்கும் இதயம் போட்டிருக்கிறேன். ஒன்றுக்கும் போகவில்லை. குறும்படத்துக்கு மட்டும் போனதாக நானே நம்பிக்கொண்டிருந்தேன், "நல்லாயிருந்தது அண்ணன்" என்று படிக்கட்டில் வைத்துச் சொல்லியும் இருக்கிறேன்! எல்லோரும் எல்லோரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் கூப்பிடுகிற சத்தம் ஒருவர் காதிலும் விழுவதில்லை.

நாள் முடிவாகிவிட்டது! ஜூன் 14, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. சயந்தன் அண்ணன் தன் கையால் கலண்டரில் வட்டம் போட்டார்.

அழைப்பு அட்டைகளை நானே அச்சுக் குத்தினேன். மை காய்வதற்காகப் பரப்பிவிட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், அம்மா எல்லா அட்டைக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் பூசி வைத்திருக்கிறார். "நல்ல காரியத்துக்கு வெறும் அட்டையா குடுப்பாங்க?" என்று என்னையே கேட்கிறார். முதல் அட்டை பிள்ளையாருக்குப் போய்விட்டது. இரண்டாவது இதோடு உனக்கு. மடத்தை விட்டு வரமுடியாது என்று தெரியும். ஆனாலும் உனக்குச் சொல்லாமல் நான் யாருக்குச் சொல்லித் தொடங்குவது?

குடும்பத்தோடு வருக. உன் குடும்பம் அந்த மடம் முழுவதும் என்றாலும் பரவாயில்லை.

உன் அனு


பண்டாரவளை
29.04.2025

அன்பு அனுவுக்கு,

சுகமாக இருக்கிறேன். பதில் பிந்திவிட்டது, குறை நினைக்காதே. தவக்காலம், பிறகு உயிர்ப்புத் திருவிழா, இப்போது தையல். நிறைய வெள்ளைத் துணி தைக்கிறோம்.

உன் அட்டை வந்தது. மஞ்சள் வாசம் இன்னும் போகவில்லை. செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

ஜூன் 14. நல்ல நாள்தான். அன்றைக்கு இங்கேயும் கொஞ்சம் வேலை இருக்கும். ஆனாலும் ஐந்து மணிக்கு உன்னை நினைப்பேன்.

ஒரு விஷயம். எங்கள் அம்மாவுக்குச் சொல்வதற்காக ஹெவ்லொக் டவுன் வரை போய் மினக்கெடாதே. அண்ணன் வீட்டோடு அங்கே குடிபோனதிலிருந்து அவ எங்கேயும் வெளிக்கிடுவதில்லை. வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் பார், அது போதும்.

உன் அப்பாவையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

யோசெப்பின்


கொட்டாஞ்சேனை
11.05.2025

யோசி, யோசி, யோசி!

எல்லோரும் சுகம், நீயும் சுகமாக இருப்பாய், இனி கதையைக் கேள்!

நாலு ஞாயிறாக நானும் அம்மாவும் அழைப்புச் சொல்லித் திரிகிறோம். அம்மா கலியாணச் சேலை உடுத்திக்கொண்டு, கையில் தட்டம் வைத்துக்கொண்டு, முன்னால் போகிறார். கண்காட்சி என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்கமாட்டேன் என்கிறார். "கண்காட்சின்னா மாட்டக் கட்டி வச்சுப் பால் கறந்து காட்டுறதுன்னு நெனச்சுக்குவாங்க." ஆகவே எல்லா வாசலிலும் ஒரே வசனம்: "புள்ளையோட விசேசம். பதினாலாந் தேதி. நேர்ல சொல்லிட்டுப் போவோம்னு வந்தோம். கட்டாயம் வந்துரணும்."

முப்பதை நெருங்கும் பெண், சேலையில் தாய், மஞ்சள் பூசிய அட்டை. யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்?

அப்பா முந்தி வேலைசெய்த வெள்ளவத்தைப் புடவைக்கடை பௌஸி நானா வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவி ரபீக்கா மாமி அட்டையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ்! மாப்பிள எந்த ஊர் மகள்?" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முகட்டைப் பார்த்தார். "மாப்பிள்ளை இல்லை மாமி, நான் கீறின படங்களைக் காட்டப் போறன்" என்றேன். "வெக்கப்படாதீங்க மகள், எங்களுக்குத் தெரியாதா" என்று வட்டலப்பம் கொண்டு வந்து வைத்தார். தின்றுகொண்டே எப்படி மறுப்பது? ஓட்டோ ஓட்டுகிற அலவி நானா ஒன்றும் கேட்கவில்லை. "எத்தன பேர் வரலாம் தங்கச்சி?" என்றது மட்டும்தான்.

ஆனால் ஒன்று பார், யோசி. ஒருவர்கூட "பார்ப்போம்" என்று சொல்லவில்லை. வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற ஆளுக்கு இதயம் போட்டு அனுப்ப முடியாதே! பெரிய பொடியனுக்குப் பரீட்சை, யார் வருவது, யார் வீட்டில் நிற்பது என்று எங்கள் முன்னாலேயே சண்டை பிடிக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் எனக்குக் கண் கலங்குகிறது. மண்டபம் நிறையும் போல இருக்கிறது, நிறையும் போல இருக்கிறது!

அடுத்த ஞாயிறு உன் அம்மா. நீ வேண்டாம் என்றாய்தான். என் அம்மா விடமாட்டேன் என்கிறார். "ஒரு வீட்ட விட்டுட்டா நாளைக்கு அவுங்க மொகத்துல எப்புடி முழிக்கிறது?"

துள்ளிக்கொண்டிருக்கும்
அனு


பண்டாரவளை
16.05.2025

அனு,

ரபீக்கா மாமியின் வட்டலப்பத்தை என்னோடு பயிற்சியில் இருக்கிற இரண்டு நொவிஸ் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

ஆனால் அம்மா வீட்டுக்குப் போகவேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். காரணம் கேட்காதே, பிறகு ஒரு நாள் சொல்கிறேன். உன் அம்மாவுக்கு நான் சமாதானம் எழுதுகிறேன்.

நீ படங்களைக் கவனி. எத்தனை படம் முடிந்தது? சட்டம் அடித்தாகிவிட்டதா?

யோசெப்பின்


கொட்டாஞ்சேனை
19.05.2025

கள்ளி!

உன் கடிதம் இன்று வந்தது. நாங்கள் நேற்றே போய்விட்டோம்.

உன் அம்மா கதவைத் திறந்ததும் என்னைக் கட்டிப்பிடித்தா. "நல்ல பிள்ளை! நீ வருவாய் எண்டு எனக்குத் தெரியும். உனக்கெண்டு வானில ஒரு சீற் வைச்சிருக்கிறன்" என்றா. எந்த வான் அன்ரி என்று கேட்டேன். "பண்டாரவளைக்குப் போற வான்தான். பதினாலாம் திகதி யோசியின்ர முதல் வார்த்தைப்பாடு. அவள் உனக்கு எழுதேல்லையே?"

என் கையில் தட்டம் இருந்தது. அம்மா வாங்கி வைத்தார், இல்லாவிட்டால் விழுந்திருக்கும்.

வெள்ளைத் துணி தைக்கிறாயாம். கொஞ்சம் வேலையாம். இரண்டு வருடம் நீ காத்திருந்த நாள், பீடத்தின் முன்னால் போய் நின்று உன் வாழ்க்கையைக் கொடுக்கப் போகிற நாள், அது உனக்குக் கொஞ்சம் வேலையா? மார்ச் மாதம் நான் நாளை எழுதியபோதே உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே மாற்றியிருப்பேனே! எனக்கு வருகிற கோபத்துக்கு அந்த மடத்துச் சுவரைத் தாண்டி வந்து உன்னைக் குட்டவேண்டும்.

மாற்றிவிட்டேன். இன்று மத்தியானம் சயந்தன் அண்ணனைக் கண்டேன். ஜூன் 22, ஞாயிறு தருகிறார். அவர் கேட்டார், "அப்ப சொன்ன ஆக்களுக்கு?" என்று. பேஸ்புக் என்றால் ஒரு அமத்து. இது படியேறிச் சொன்ன அழைப்பு. திரும்பவும் எல்லாப் படியும் ஏறவேண்டும். ஏறுவேன்.

அனுஷியா


பண்டாரவளை
26.05.2025

அன்பு அனு,

குட்டு. வாங்கத்தான் வேண்டும்.

ஆனால் நாளை மாற்றாதே. நீ இப்படிச் செய்வாய் என்று தெரிந்துதான் ஒளித்தேன். எனக்கு அன்றைக்கு மதர் இருக்கிறார், அம்மா, அண்ணன், பாட்டுக் குழு, பெரிய பூசை எல்லாம் இருக்கிறது. நீ வந்தாலும் வராவிட்டாலும் கோவில் நிறையும். உனக்கு அப்படியில்லை. நேரில் சொன்ன நாளை மாற்றினால் ஆட்கள் கலைந்துபோவார்கள். பாதிப் பேர் பழைய நாளில் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போவார்கள், மீதிப் பேர் ஏதோ தடங்கல் என்று ஒதுங்குவார்கள். மண்டபம் வெறுமையாகும், நீ படத்தை விடுவாய், அதற்கு நான் காரணமாவேன். அந்தப் பாரத்தோடு நான் என்னவென்று வார்த்தை கொடுப்பது?

நீ வராவிட்டால் ஒருத்தி மட்டும்தான் அழுவாள். அது நானாக இருக்கட்டும்.

பயமாக இருக்கிறது அனு. அது வேறு. எல்லோருக்கும் இருக்குமாம்.

யோசெப்பின்


கொட்டாஞ்சேனை
08.06.2025

என் யோசிக்கு,

எல்லோரும் சுகம். கால் மட்டும் சுகமில்லை, ஏனென்றால் எல்லாப் படியும் ஏறியாகிவிட்டது.

நீ சொன்னது சரி. நாள் மாறியது என்றதும் முகங்கள் விழுந்தன. கலியாணம் குழம்பிவிட்டது என்று ஊரே முடிவெடுத்துவிட்டது. ரபீக்கா மாமி என் தலையைத் தடவி, "கவலப்படாதீங்க மகள். அவன் குடுத்து வெக்கல்ல. ஒங்களுக்கு நல்ல எடமொண்டு ஈக்கும்" என்றார். நான் சிரித்தேன், அவரோ நான் துக்கத்தை மறைக்கிறேன் என்று அழுதார்.

பிறகு உள்ளதைச் சொன்னேன். சிநேகிதி ஒருத்தி சிஸ்டராகப் போகிறாள், அதே நாள், நான் அங்கே நிற்கவேண்டும் என்று. மாமி கண்ணைத் துடைத்தார். "அப்ப போகத்தானே வேணும்" என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு எல்லா வீட்டிலும் அதையே சொன்னேன். எத்தனை பேர் திரும்ப வருவார்கள் என்று தெரியாது.

சிலரைப் பிடிக்க முடியவில்லை. அலவி நானா ஊருக்குப் போயிருக்கிறார். கைபேசியும் வேலை செய்யவில்லை. அம்மா சொன்னார், "நீ போய்ட்டு வா. பதினாலாந் தேதி நான் மண்டபத்து வாசல்ல நிக்கிறேன். தெரியாம வர்றவங்களுக்குச் சொல்லி அனுப்புறேன்."

வெள்ளிக்கிழமை உன் அம்மாவின் வானில் வருகிறேன். அந்த சீற் என்னுடையது. இதற்குப் பதில் எழுதவேண்டாம்.

அனு


பண்டாரவளை
15.06.2025

யேசுவின் அன்பில் என் அனுவுக்கு,

நேற்று கூட்டத்தில் ஒரு வார்த்தை ஒழுங்காகக் கதைக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து "இதோ வருகிறேன்" என்று சொல்லவேண்டும். ஒரு மாதம் பயிற்சி எடுத்த வசனம். எழுந்துவிட்டேன், குரல் வரவில்லை. கோவில் நிறைய ஆட்கள். எல்லோரும் ஒரு சிஸ்டரைப் பார்க்க வந்தவர்கள். எனக்கு என்னைத் தெரிந்த ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த நேரம் பின்வரிசை வாங்கிலிருந்து நீ தும்மினாய். மூன்று தரம், பள்ளிக்கூடத்தில் தும்முகிற அதே மாதிரி. மதர் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு குரலும் வந்துவிட்டது.

வராவிட்டாலும் கோவில் நிறையும் என்று உனக்கு எழுதினேனே. நிறைந்துதான் இருந்தது. நீ தும்மும் வரைக்கும் அங்கே ஒருவருமே இல்லாத மாதிரி இருந்தது, அனு.

இருபத்திரண்டாம் திகதி என்ன நடந்தது என்று ஒளிக்காமல் எழுது. நல்லதோ கெட்டதோ.

அருட்சகோதரி யோசெப்பின்
(முதல் தரம் இப்படிக் கையெழுத்து வைக்கிறேன்)


கொட்டாஞ்சேனை
23.06.2025

என் சிஸ்டர் யோசெப்பினுக்கு,

நலம், நலம், எல்லோரும் நலம்! மலைக்குளிரில் பிடித்த தடிமன் மட்டும் இன்னும் போகவில்லை.

ஐந்து மணிக்கு ஒருவரும் இல்லை. ஐந்தேகாலுக்கும் இல்லை. சயந்தன் அண்ணன் கதிரைகளைத் திரும்பத் திரும்ப நேராக்கினார். நான் யன்னலோரம் நின்று, பதவியை எடுக்கிறேன் என்று முகாமையாளரிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வசனம் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு படிக்கட்டில் சத்தம். ரபீக்கா மாமி பட்டுடுத்தி, பௌஸி நானா, மகள்மார், மருமக்கள், கையில் கேக். பின்னால் சாந்தகுமார் அண்ணன் குடும்பம். (குறும்படத்தை நான் பார்க்கவில்லை என்று அவருக்கு முதலே தெரியுமாம்!) பிறகு எனக்கு முகம் தெரியாத ஆட்கள், வந்துகொண்டே இருந்தார்கள். யோசி, நிற்க இடமில்லை! கேக்கை வைக்க இடமில்லாமல் ஒருவர் மாற்றி ஒருவர் கையில் வைத்துக்கொண்டு படம் பார்த்தார்கள். பௌஸி நானா தன் கடை வாசலில் தானே நிற்கிற படத்தைக் கண்டு, வாடிக்கையாளருக்குக் காட்டுகிற மாதிரி எல்லோரையும் இழுத்துக்கொண்டு வந்து காட்டினார். மாமி என் காதுக்குள் சொன்னார்: "மாப்பிள இல்லாமலே இவ்வளவு சனம்!"

அலவி நானாவிடம் கேட்டேன், இந்த முகம் தெரியாத ஆட்கள் யார் என்று. அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"எனக்கு இது ரெண்டாந் தரம் தங்கச்சி. பதினாலாந் தேதியும் வந்தேன். அம்மா ஒண்ணும் சொல்லல்லயா?"

அம்மா சொன்னது இவ்வளவுதான்: ரெண்டு மூணு பேர் வந்தாங்க, சொல்லி அனுப்பினேன்.

அலவி நானா சொன்னது இது. பதினாலாம் திகதி நான் மலையில் தும்மிக்கொண்டிருந்த அன்றைக்கு, அம்மா மத்தியானமே வந்து வெள்ளவத்தைப் பிரதான வீதி ஓரத்தில், பூட்டிய மண்டபத்தின் கீழ், பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். சும்மா இல்லை. என் படம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு. மற்றவை எல்லாம் சட்டம் அடிக்கக் கொடுத்திருந்தேன், வீட்டில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்: பொரளை ஆஸ்பத்திரி வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தியிருக்கிற அம்மாவின் படம். தன் வெறுங்கால் தெரிகிறது என்று வெட்கப்பட்டு அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த படம். அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

நாள் மாறியது தெரியாமல் வந்தவர்களுக்கு, "இன்னைக்கு இல்லீங்க, அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம. ஆனா வந்ததுக்கு இத ஒண்ணு பாத்துட்டுப் போங்க. எம் மக வரஞ்சது" என்று ஒவ்வொருவருக்கும் பிடித்துக் காட்டியிருக்கிறார். பஸ்ஸுக்கு நின்றவர்களும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கும் காட்டி, அவர்களையும் வாயால் அழைத்திருக்கிறார். மழை வந்தபோது படத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நனைந்திருக்கிறார். அலவி நானா தன் ஓட்டோவில் ஏறச் சொன்னதற்கு, இன்னும் ஆள் வரக்கூடும் என்று மறுத்துவிட்டாராம். முகம் தெரியாத அந்த ஆட்கள் எல்லாம் பஸ் தரிப்பிடத்து ஆட்கள், யோசி.

கூட்டத்துக்குள் அம்மாவைத் தேடிப் பிடித்தேன். ஏனம்மா சொல்லவில்லை என்று கேட்டேன். கேக் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவேயில்லை.

"நாமதான வீடு வீடாப் போயிக் கூப்புட்டோம். நம்ம வார்த்தைய நம்பி வந்தவங்கள வெறும் பூட்டப் பாத்துட்டுப் போகச் சொல்லவா?"

எல்லோருக்கும் முன்னால் அழுதேன். வெட்கமில்லை.

இன்று காலை முகாமையாளரிடம் பதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் காரணம் கேட்டார். சனிக்கிழமை வேலை இருக்கிறது என்றேன்.

அன்றைக்கு நின்ற நிற்பில் அம்மாவின் கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. இப்போதுதான் காட்டினார். அடுப்பில் வைத்த எண்ணெய் சூடாகிவிட்டது, போய்த் தேய்த்துவிடவேண்டும்.

உன்
அனு